முதலாவது பான்கேக்

இந்த நோர்வே வீட்டு அடுப்பில் நெருப்பே இல்லை. கறுப்புக் கண்ணாடியும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கங்களும்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்; அடுப்பு என்னைவிடப் படித்திருக்கிறது. அதனால் இலக்கத்தை நம்பாமல், தாச்சியில் விரலால் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால்தான் மாவை ஊற்றுவது. ஆனால் சுவாலை தெரியாத அடுப்பை அணைக்க எப்படி நினைவு வரும்? ஒருநாள் எரியவிட்டே கோயிலுக்குப் போய்விட்டேன்.

நான் இனித் தனியே சமைக்கலாமா என்று பார்க்க நகரசபையிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகள் வேலைக்குப் போயிருந்தாள். மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஒரு தமிழர். வந்தவளுக்குத் தெரிந்த பண்டமாக இருக்கட்டுமென்று பான்கேக் சுட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்ற பதற்றத்தில், தண்ணீர் உருள முன்னரே ஊற்றிவிட்டேன். முதலாவது வெளிறி, ஒட்டிப் பிய்ந்தது. வழித்தெடுத்து ஒரு தட்டில் யன்னலோரம் வைத்தேன்.

எங்கள் ஊர் தொண்டைமானாற்றிலும் என் முதல் தோசை இப்படித்தான். கல் சூடாகும்வரை எனக்குப் பொறுமை இராது. நாற்பது வருடமும் பிய்ந்ததைச் சாப்பிட்டவர் என் கணவர். "ரெண்டாவதிலை இருந்துதான் நீர் கெட்டிக்காரி. முதலாவதைத் தின்னத்தானே என்னைக் கட்டினனீர்," என்பார். அவர் போய் இரண்டு வருடம். பிய்ந்ததை ஒதுக்கும் கை மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"அது ஆருக்கெண்டு கேக்கிறா, அம்மா," என்றார் தொலைபேசிக்காரர்.

"என்ரை மனுசனுக்கு."

"அவர் எங்கை எண்டு கேக்கிறா."

"வெளியிலை போயிட்டார். வாசத்துக்கு வந்திடுவார்."

அவள் சிரிக்கவில்லை. அவர் இறந்தது அவளுடைய கடதாசியில் இருந்தது. அடுத்த நான்கும் வட்டமாக, பொன்னிறமாக வந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை அடுப்புக்குப் பூட்டு வந்தது. அதன் திறப்பை மகள், பூட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்வீட்டுத் திறப்போடு ஒரே வளையத்தில் கோர்த்தாள்.

"பகிடி விட உங்களுக்கு வேறை ஆள் கிடைக்கேல்லையே, அம்மா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

"கொப்பர் செத்துப்போனார் எண்டு என்ரை வாயாலை சொல்லச் சொல்லுறியோ, பிள்ளை?"

இப்போது அவள்தான் சுடுகிறாள். ஆறாம் இலக்கத்தில் வைத்து, மணி பார்த்து ஊற்றுகிறாள். ஒட்டாது, பிய்யாது, முதலாவதே முழுதாக வந்துவிடுகிறது. நான் யன்னலோரத் தட்டைக் கழுவித் துடைத்து, வெறுமையாகவே திரும்ப வைக்கிறேன்.