தென்னேரிக் கரையில் ஏறிய பாரம்

நெடுஞ்சாலையில் அடிபட்டு நிற்கும் கார்களை டிரெய்லரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ஓரிக்கை ஊர்க் கிரேஸின் தொழில். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவள் பதினெட்டு வயதிலேயே பட்டுக்கடை வேனுக்கு ஸ்டியரிங் பிடித்தாள். கண்ணாடி நொறுங்கி, சீட்டெல்லாம் ரத்தம் உறைந்த காரைக்கூட முகம் சுளிக்காமல் ஏற்றுவாள். கல்நெஞ்சுக்காரி என்று பேர்.

அவளையே வாலாஜாபாத் பாலத்து இறக்கம் கலங்கடித்துவிட்டது. டிரெய்லர் மேல் பெரிய கார் ஒன்று இருந்தது. இழுத்துக்கொண்டிருந்தது அவளுடைய பழைய ஜீப். பிரேக்கை மிதித்ததும் ஜீப் அடங்கியது, டிரெய்லர் அடங்கவில்லை. இடமும் வலமுமாக ஆடி, ஜீப்பின் பின்பக்கத்தைத் தடுப்புச்சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. எப்படி நின்றது என்று அவளுக்கே தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்களைப் பிரிக்க வெகுநேரம் ஆயிற்று.

"இழுக்குறது பெரிசில்லக்கா. பின்னாடி தள்ளுறப்ப தாங்குதா, அதான் மேட்டரு," என்றான் மெக்கானிக் விமல்ராஜ். "உன் ஜீப்பு எடை பத்தாது. வேற பாரு."

இருவரும் வண்டி தேடி அலைந்தார்கள். ஒரு சின்ன பிக்கப்பைப் பார்த்தார்கள். டிரெய்லரின் மூக்கைக் கொக்கியில் மாட்டியதுமே பிக்கப்பின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரம் தரையில் பட்டும் படாமலும் நின்றது. அடுத்தது பளபளவென்று புதுக் கார். இன்ஜினில் வலு இருந்தது, ஆனால் கட்டமைப்பு லேசு. விமல்ராஜ் குனிந்து அடியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

மூன்றாவது, தென்னேரியில் ஒரு கொட்டகைக்குள் நின்ற கனமான நாலு சக்கர இழுவை ஜீப். உடையவர் நமச்சிவாயம், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவுக்காரர். சாவியைக் கொடுத்தாரே தவிர, கூட வரவில்லை.

டிரெய்லரில் ஒரு கழித்த காரை ஏற்றிக் கட்டி, விமல்ராஜைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏரிக்கரை மேல் ஓட்டிப் பார்த்தாள் கிரேஸ். உச்சி வெயில். மேட்டில் முனகாமல் ஏறியது. பிரேக் போட்டால் ஜீப்பும் டிரெய்லரும் ஒரே கோட்டில் நின்றன. இதுதான் நம்ம வண்டி என்று மனசுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

மதகை நெருங்கியபோது பின்புறம் மெல்ல அமுங்கியது. யாரோ காலை ஊன்றி, உடம்பைத் தூக்கி, டிரெய்லரில் ஏறி உட்கார்ந்த மாதிரி.

விமல்ராஜ் சட்டென்று பின்னால் திரும்பினான். "அக்கா... பின்னாடி யாருனா ஏறுனாங்களா?"

கண்ணாடியில் காரும் அதைக் கட்டிய பட்டையும்தான் தெரிந்தன. இறங்கிப் பார்த்தாள். பிரேக் ஒட்டவில்லை, சக்கரத்தில் சூடு இல்லை. ஏரித் தண்ணீர் அசையவில்லை. அத்தனை பெரிய ஏரியில் ஒரு கொக்குகூட இல்லை. கொஞ்ச தூரம் தள்ளிப் போனதும் பாரம் இறங்கிவிட்டது. திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி ஏறி, மறுபடி இறங்கியது.

"மதகாண்ட கனத்துச்சா?" என்று கொட்டகையில் சாவியை வாங்கும்போது நமச்சிவாயமே கேட்டார். "என் தம்பி சிவபாலன் காரோட அங்கதாம்மா உள்ள போனான். அவன எடுத்துட்டோம். காரு இன்னும் சேத்துலதான் இருக்குது. அத இழுக்கத்தான் இந்த வண்டியவே வாங்குனேன். கயிறு கட்டுற வரைக்கும் போவேன். அப்புறம் கை வராது. நீ அத வெளிய எடுத்துக் குடுத்துட்டு வண்டிய எடுத்துக்கினு போம்மா."

"வேணாங்கா," என்றான் விமல்ராஜ், அவர் காதில் விழவே.

கிரேஸ் யோசித்தாள். அவள் கார்களை ஏற்றும்போதெல்லாம் அடிபட்டவர்களின் வீட்டார் யாராவது சாலையோரத்தில் இப்படி நின்றுகொண்டிருப்பார்கள். அவள் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

"எடுத்துடலாம்யா," என்றாள்.

சித்திரையில் தண்ணீர் வற்றியதும் காரின் கூரை எருமை முதுகுபோல வெளியே தெரிந்தது. ஜீப்பின் கம்பிவடத்தை மாட்டி இழுத்தபோது, நெடுநேரம் அடக்கிய மூச்சை விட்டதுபோல ஒரு சத்தத்தோடு கார் சேற்றை விட்டு வந்தது. கதவைத் திறந்தால் சேறும் பாசியும்தான். டிரெய்லரில் ஏற்றிக் கட்டியபின் நமச்சிவாயம் அதன் கூரையில் கை வைத்தார்.

"ஏறிக்கடா, போலாம்," என்றார்.

பின்புறம் அமுங்கியது. விமல்ராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டான்.

இந்தமுறை கரையைத் தாண்டியும் பாரம் இறங்கவில்லை. வாலாஜாபாத் பாலத்திலும் கூடவே வந்தது. இறக்கத்தில் கிரேஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கை மிதித்தாள். டிரெய்லர் தள்ளவில்லை. பக்கத்தில் நமச்சிவாயம் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேல்துண்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் சேற்றில் இறங்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தன் தெருமுனையில் நிறுத்தச் சொன்னார். அவர் இறங்குவதற்கு முன்பே ஜீப்பின் பின்பக்கம் மெல்ல மேலெழும்பியது. தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த தெருவில் ஒவ்வொரு வீடாகச் சத்தம் நின்றது. நமச்சிவாயம் நடந்துபோய் வீட்டுக் கதவைத் திறந்து, ஒருவர் உள்ளே போக எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் ஒதுங்கி நின்றார். பிறகு தானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிரேஸ் காரைப் பட்டறையில் இறக்கிவிட்டு ஓரிக்கைக்கு வந்து சேர்ந்தாள். இன்றும் அந்த ஜீப்தான் அவளுடைய டிரெய்லரை இழுக்கிறது. எந்தப் பாரத்துக்கும் ஆடுவதில்லை. ஆனால் அடிபட்ட காரைக் கட்டி முடித்ததும் அவள் உடனே கிளம்புவதில்லை. ஓரமாக நிற்கும் வீட்டாரைப் பார்த்து, "கிளம்பலாமா?" என்று கேட்கிறாள். பதில் வந்தபிறகுதான் கியர் போடுகிறாள்.