என் பாடு எது என்று காட்டினார்

முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதி முடிக்க முடியாமல் நான் அழுத நாட்கள் உண்டு. அது எண்பதுகளின் தொடக்கம். பழவேற்காடு ஏரியின் இறால்களைப் பற்றி ஆராய்ச்சி. கோட்டைக்குப்பத்தில் ஒரு மீனவர் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, எழுத்துதான் நகரவில்லை. முன்னுரையையே மாற்றி மாற்றி எழுதினேன். டச்சுக்காரர் கோட்டை, பூநாரை, உப்பளம் என்று எல்லாவற்றையும் அதில் திணித்தேன். ஒன்றை விட்டாலும் தேர்வாளர் கேட்பாரே என்று பயம். பேராசிரியர் மறுபடியும் திருப்பி அனுப்பினார். ஆடிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும் என்றார். உடம்பும் ஓய்ந்தது, மனசும் ஓய்ந்தது. வேதத்தைத் திறந்தால்கூடக் கண் சொக்கியது.

ஒரு மத்தியானம் முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, என் பாடு எப்போ முடியும்?" என்று மட்டும் வாய்விட்டு அழுதேன்.

வாசலில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அக்காவின் காதில் அது விழுந்தது. அந்த ஊரில் பாடு என்றால் கஷ்டம் மட்டுமில்லை. ஏரியில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்களே, அதற்கும் பாடு என்றுதான் பேர். அக்கா அதைத்தான் நினைத்துக்கொண்டார்.

"உனுக்கு ஏதும்மா பாடு? ஏரி பூராவும் வோணுமா இன்னா? அவங்கவங்க பாட்டுல வலை போட்டா போதும்னுதான முறை வச்சிக்கினு கீறோம்" என்று கேலி செய்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்னுரையில் ஏரி பூராவுக்கும் வலை போட்டுக்கொண்டிருந்தது நான்தானே என்று உறைத்தது. அக்கா விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்ல வைத்தவர் வேறொருவர் என்று இன்றும் நம்புகிறேன்.

அன்றே முன்னுரையை மூட்டை கட்டினேன். அதைக் கடைசியில்தான் எழுதினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த இறால் முடிவுகளை முதலில் எழுதினேன். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பகுதி, அதோடு எழுந்துவிடுவேன். கடைசி வரியைப் பாதியில் விட்டுவைப்பேன். அப்போதுதான் மறுநாள் உட்கார்ந்ததும் கை ஓடும். பூநாரைப் பக்கங்களை மனசில்லாமல்தான் எடுத்துப் போட்டேன். சோர்வு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். சோர்வோடேயே எழுதினேன். ஆடி முடியுமுன் கொடுத்துவிட்டேன். ஸ்தோத்திரம்!

வாய்மொழித் தேர்வில் ஒரு பெரியவர் பூநாரையைப் பற்றிக் கேட்டார். நான் எதற்குப் பயந்தேனோ அதே கேள்வி. "ஐயா, அது என் பாடு இல்லை" என்றேன். விளக்கம் கேட்டார், சொன்னேன். தலையாட்டிவிட்டு இறாலுக்கு வந்தார். பட்டமும் கிடைத்தது.

இன்று என் மாணவர்களோடு முதலில் ஜெபிக்கிறேன், பிறகுதான் பேனா. எழுத முடியாமல் களைத்திருக்கிற பிள்ளைகளே, அவரிடம் கேளுங்கள். முழு ஏரியைக் கேட்காதீர்கள். உங்கள் பாட்டை மட்டும் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.