லா சப்பலில் ஓர் ஏணைச் சேலையும் எனக்குத் தெரிந்த லத்வியமும்

மகனுக்கு அரைஞாண் வாங்கவென்று போன மாதம், நாங்கள் வசிக்கும் லத்வியத் தலைநகர் ரீகாவிலிருந்து பாரிஸ் போனேன். எட்டு மாதக் குழந்தையோடு தனியாக முதல் பயணம். பயம் இல்லை என்று சொன்னால் பொய். விமானத்தில் மூன்று மணிநேரம். பிறகு கார் து நோர் நிலையம் வரை ரயில், 35 நிமிடம், 13 யூரோ. அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பத்து நிமிட நடை.

தங்கியது யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் தன் கடைக்கு மேலே வாடகைக்கு விடும் அறையில். மகன் ஏணையில்தான் தூங்குவான், அதுவும் என் பழைய நீலச் சேலையில் கட்டினால்தான். இரண்டாம் நாள் காலை அதை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு மகனையும் தூக்கிக்கொண்டு நகைக்கடைக்குப் போனேன். பதினொரு மணிக்குத் திரும்பினால் கட்டிலில் புது விரிப்பு. சேலையைக் காணோம். மகன் தூக்கத்துக்கு அழத் தொடங்கியிருந்தான்.

"இல்ஸே துப்புரவாக்க வந்தவ, தங்கச்சி. விரிப்பெண்டு நினைச்சுத் தோய்க்கக் கொண்டுபோட்டா போல," என்றார் அண்ணை. "லத்வியாக்காரி. பிரெஞ்சும் அரைகுறை. நான் ஒண்டு சொல்ல அவ ஒண்டு செய்வா."

"லத்வியாவோ? அவவுக்கு அடிச்சுப் போனைத் தாங்கோ அண்ணை!"

ரீகாவில் எங்கள் கட்டடத்துப் பொதுச் சலவை அறையில் கற்றதுதான் என் லத்வியம். பலக்ஸ் விரிப்பு, செகா போர்வை, த்வியெலிஸ் துவாய். வழி கேட்கத் தெரியாது. தோய்க்காதே என்று சொல்லத் தெரியும்.

"நெமஸ்காத்!" என்று கத்தினேன். "நீலம், நீளம். பலக்ஸ் இல்லை!"

"ஐஸ்கர்ஸ்?" திரைச்சீலையா என்றார் இல்ஸே.

"இல்லை."

"கல்டௌட்ஸ்?" மேசை விரிப்பா?

"இல்லை! ஔடின்ஷ்!" குழந்தையைச் சுற்றும் துணிக்கு அதுதான் சொல்.

மறுமுனையில் சிரிப்பு. "ஆறு மீட்டர் ஔடின்ஷா? எவ்வளவு பெரிய குழந்தை?"

இருபது நிமிடத்தில் ஓடி வந்தார். ஆனால் சேலை தோய்த்து, உலர்த்தி, சூடாக இருந்தது. சவர்க்கார வாசம் மட்டும். ஏணையில் போட்டதும் மகன் வீறிட்டான். வேறு வழியில்லாமல் சேலையை அவிழ்த்து, ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றிக்கொண்டு அறைக்குள் நாற்பது நிமிடம் நடந்தேன். என் வாசம் அதில் ஏறவேண்டுமே.

அண்ணை எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கலியாண வீட்டுக்கோ வெளிக்கிடுறீர்?"

அந்த நாற்பது நிமிடமும் இல்ஸே அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் துப்புரவாக்க இன்னும் இரண்டு அறை பாக்கி. திரும்பக் கட்டிக் கிடத்தினோம். பன்னிரண்டே முக்காலுக்குத் தூங்கினான். எனக்குத்தான் அழுகை வந்தது.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: ஏணைச் சேலை இரண்டு கொண்டுபோங்கள், கட்டிலில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். அறை துப்புரவாக்க வருபவரின் பெயரை முதல் நாளே கேட்டு வையுங்கள். நான் என் பிள்ளையை அவர் கையில் கொடுத்து வெகுநேரம் கழித்துத்தான், என் பெயரையே சொன்னேன்.