அத்தைக்கு முந்திப் போன பதிவு

எந்தத் தளத்தில் வலைப்பூ தொடங்குவது என்று முடிவு செய்ய எனக்கு எட்டு மாதம் ஆனது. பின்னால் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததில்கூட அவ்வளவு அலைச்சல் இல்லை. பொன்மலை ரயில்வே பணிமனையில், டீ இடைவேளையில் வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை. ஒருவர், "இலவசமா கிடைக்கிறதுல போடுங்க சார், போதும்" என்றார். இன்னொருவர், சொந்த முகவரி இல்லாத வலைப்பூ வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது மாதிரி என்றார். மூன்றாமவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இப்பல்லாம் யாரு சார் படிக்கிறாங்க? வீடியோ போடுங்க" என்றார். அவரோடு ஒரு வாரம் நான் பேசவில்லை.

கடைசியில் நான் வைத்த பரீட்சை ஒன்றுதான். ஒவ்வொரு தளத்திலும் கணக்குத் திறந்து 'ஸ்ரீரங்கம்' என்று அடித்துப் பார்த்தேன். குடியிருக்கும் ஊரையே உடைத்துக் காட்டும் இடத்தில் வேறென்ன எழுதி என்ன பயன்? ஒன்றில் ஸ்ரீ துண்டு துண்டாக வந்தது. இன்னொன்றில் தலை வெட்டுப்பட்டது. மூன்றாவதில் முழுசாக வந்தது, அதுவும் இலவசமாக. அங்கேயே குடியேறிவிட்டேன்.

நன்றாக நடத்துவது எப்படி என்றும் படித்துத் தள்ளினேன். வாரம் தவறக்கூடாது. குறித்த நேரத்தில் வெளியிட வேண்டும். வாசகர்களைச் சந்தாதாரர் ஆக்க வேண்டும். அப்படி ஆனவர்களுக்குப் புதுப் பதிவு வந்த உடனே மின்னஞ்சல் போய்விடும். யாரும் தாமாகச் சேராததால், உறவில் மின்னஞ்சல் முகவரி வைத்திருந்த அத்தனை பேரையும் நானே சேர்த்துவிட்டேன். முசிறியில் இருக்கும் என் அக்காவையும் விடவில்லை. அது அவள் மகன் போன் வாங்கிக் கொடுத்தபோது உண்டாக்கிய முகவரி. அவள் அதைத் திறக்கப் போவதே இல்லை என்ற தைரியம்தான்.

நேரத்தில்தான் இடித்தது. வியாழக்கிழமை காலை ஆறரைக்கு என்று குறித்து வைத்தால் பதிவு மாலை ஏழு மணிக்கு வந்தது. வலைப்பூவின் கடிகாரம் அமெரிக்காவில் ஓடுகிறது என்று கண்டுபிடித்தேன். அதை மாற்றும் இடம் எங்கே என்று தேடிச் சலித்து, கணக்கைக் கற்றுக்கொண்டேன்: நம் ஊர் நேரத்திலிருந்து பன்னிரண்டரை மணி நேரத்தைக் கழித்துவிட்டுக் குறிக்க வேண்டும். அதைச் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டு, பெரிய விஞ்ஞானி மாதிரி திரிந்தேன்.

போன மாதம் மகளுக்கு இடம் அமைந்தது. வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் போனில் சம்மதம் சொன்னார்கள். எங்கள் வீடுகளில் இந்தச் செய்தி பெண்ணின் அத்தைக்குத்தான் முதலில் போக வேண்டும். அதுவும் நேரில், தாம்பூலத் தட்டோடு. என் அக்கா இதில் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மகளின் காதுகுத்துத் தேதியை வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதற்காக இரண்டு வருஷம் எங்கள் வாசலை மிதிக்காதவள். மகளுக்கோ அத்தை என்றால் உயிர். "அத்தை வந்து நிக்கலைன்னா எனக்கு நிச்சயதார்த்தமே வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிறு காலை முசிறி போய் அக்காவிடம் சொல்வது, சாயங்காலம் ராகு காலம் கழிந்து ஆறரைக்கு வலைப்பூவில் ஊருக்குச் சொல்வது என்று திட்டம். சனிக்கிழமையே பதிவை எழுதி, பன்னிரண்டரையைக் கழித்து, ஞாயிறு காலை ஆறு என்று குறித்து வைத்தேன்.

மறுநாள் எட்டு மணிக்கு நானும் மனைவியும் டோல்கேட்டில் பஸ் ஏறினோம். வாழைத்தோட்டமே வைத்திருக்கும் அக்கா வீட்டுக்கு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போகிறாயே என்று மனைவியைக் கிண்டல் செய்துகொண்டே போனேன். குணசீலம் தாண்டும்போது மகள் போன் செய்தாள். "அப்பா, பதிவு காலைல ஆறு மணிக்கே வந்துருச்சே! நான்தான் வெள்ளிக்கிழமை கடிகாரத்த நம்ம ஊருக்கு மாத்தி வச்சேன். நீங்க வாராவாரம் கஷ்டப்படுறீங்களேன்னு..."

அவளைத் திட்ட வாயெடுத்து, திட்ட என்ன இருக்கிறது என்று விழுங்கினேன். மனைவி தட்டு இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "இறங்கித் திரும்பிடலாமாங்க?" என்றாள். அக்காவாவது மின்னஞ்சல் பார்ப்பதாவது என்று அவளுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "வாங்க, உட்காருங்க" என்றாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து 'வாடா' தவிர வேறெதுவும் சொல்லாதவள்.

மனைவி தட்டை எடுத்து நீட்டினாள். அக்கா கை நீட்டவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, என் பதிவை எனக்கே வாசித்துக் காட்டினாள். "'மனம் நெகிழ்ந்து அறிவிக்கிறேன்'னு போட்டிருக்கீங்க. யாருக்குங்க அறிவிக்கிறீங்க?"

அமெரிக்கக் கடிகாரம், பன்னிரண்டரை மணி நேரம் என்று ஆரம்பித்தேன். எனக்கே பொய் மாதிரிதான் இருந்தது.

"அத விடுடா" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா வாராவாரம் படிக்கிறேன். உங்க தெரு டீக்கடைக்காரரப் பத்தி மூணு பதிவு. திருவானைக்காவல்ல உன் செருப்பு தொலைஞ்சதுக்கு ரெண்டு பாகம். பக்கத்து வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்து. நான் ஒரு வரில கூட இல்ல. அந்த நாய் அளவுக்குக்கூட நான் இல்லையாடா?"

தாம்பூலச் சண்டைக்குத்தான் நான் தயாராக வந்திருந்தேன். "நீ கோவிச்சுக்குவியோன்னு பயம்க்கா" என்றேன். சத்தியமாக அதுதான் உண்மை. மனைவி சிரிப்பை அடக்க முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சரி, இப்ப இங்கயே உட்கார்ந்து எழுது. அப்புறம் தட்டை வாங்கிக்கிறேன்."

கட்டிலில் உட்கார்ந்து போனில் 'என் அக்கா' என்று அடித்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஏதாவது விவரம் வேண்டுமே என்று, "அக்கா, நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?" என்று கேட்டேன்.

"ஒன்பதாவது. முழுப் பரீட்சைக்குப் போகல. உனக்கு அம்மை போட்டிருந்துச்சு. அப்பாவும் அம்மாவும் வயலுக்குப் போயிடுவாங்க, பார்த்துக்க ஆள் இல்ல. அப்புறம் அப்படியே நின்னு போச்சு" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல.

அம்மை வந்தது எனக்குத் தெரியும். மூக்கின் மேல் தழும்பு இருக்கிறது. அதைப் பற்றி வேடிக்கையாக ஒரு பதிவே எழுதியிருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து வேப்பிலையால் விசிறியது யார் என்று எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மனைவியிடம் திரும்பி, "குடும்மா" என்று தட்டை வாங்கிக்கொண்டாள். நிச்சயத்துக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துவிடுவதாகவும் சொன்னாள்.

வீடு திரும்பியதும் அந்தத் தழும்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். கீழே ஒரே ஒரு பின்னூட்டம், பெயர் போடாமல்: 'நல்லா சிரிச்சேன். உடம்பப் பாத்துக்க.' போன வருஷமே வந்தது. யாரோ என்று நினைத்து நான் பதில்கூடப் போட்டிருக்கவில்லை.