மூக்குக்கண்ணாடிக்காக ஒரு வழக்கு

கொள்முதல் நிலையத்தில் மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லுக்காகப் பூதலூர் சாலையில் மறியல் செய்தோம். மற்றவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து மாலையில் விட்டுவிட்டார்கள். அதிகாரியின் ஜீப்பை மறித்தேன் என்று என்னை மட்டும் சிறைக்கு அனுப்பினார்கள்.

வாசலில் சோதனை போட்ட பெண் வார்டர் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டார். "கம்பி ஃபிரேம். உள்ள கூடாது."

"அது இல்லாம எதிர்ல நிக்கிறவங்க முகமே தெரியாதுங்க."

"இங்க யார் முகத்தைப் பார்க்கப் போறீங்க?"

என் மேல் என்ன வழக்கு என்று சொல்லும் தாளைக் கையில் கொடுத்தார்கள். சாம்பல் கோடுகள்தான் தெரிந்தன. கண்ணாடியைக் கேட்கும்போதெல்லாம் மேலிடத்தைக் கைகாட்டினார்கள். நான் விடுதலையா கேட்டேன்?

உயர் நீதிமன்றத்துக்கு நானே மனு எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு அளவு. தரங்கம்பாடிப் பக்கத்து மீன்காரப் பெண் ஒருத்தி என் அறையில் இருந்தாள். படிக்கத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, வரி மேல ஏறுது, கீழ இறக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மனுவை வாங்கிய சிறை அதிகாரி சிரித்தார். "இதுக்கெல்லாம் ஹைகோர்ட்டா? ஒரு வக்கீலாவது வெச்சுக்குங்கம்மா."

"அனுப்ப வேண்டியது உங்க கடமைங்க" என்றேன்.

விசாரணையன்று காணொலித் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நீதிபதியின் குரல் கேட்டது. "இலவச சட்ட உதவியில வக்கீல் ஏற்பாடு பண்ணலாமே, வேணுமாம்மா?"

"வேண்டாங்கய்யா. நடந்ததை நானே சொல்றேன். திரையில இருக்கிறது நீங்கதானான்னுகூட எனக்குத் தெரியலை."

கண்ணாடியை இன்றே கொடுங்கள், மனுவுக்குப் பதிலை எழுத்தில் தாருங்கள் என்று நீதிபதி சிறைத் தரப்பிடம் சொன்னார்.

கண்ணாடி போட்டு நான் முதலில் படித்தது அந்தப் பதிலைத்தான். 'மனுதாரர் தாமே முன்வந்து ஒப்படைத்தார். திரும்பக் கேட்கவே இல்லை.' அதற்குச் சாட்சியாக என் பெயருக்குக் கீழே ஒரு கைநாட்டு.

அடுத்த விசாரணையில் அதை உரக்கப் படித்தேன். "நான் பி.ஏ. படிச்சவங்கய்யா. மனுவுல என் கையெழுத்து இருக்கு. இது யாரோட கட்டைவிரல்னு கேளுங்க."

அரசு வக்கீல் காகிதக் கட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

இனி எவருடைய கண்ணாடியையும் பறிக்கக் கூடாது என்று உத்தரவானது. அதற்குள் நான் ஜாமீனில் வந்துவிட்டேன். பொய் எழுதிய சிறை அதிகாரி அதே நாற்காலியில் இருக்கிறார். மன்னிப்பு என்று ஒரு சொல்லை எவரும் சொல்லவில்லை.

மீன்காரப் பெண் இன்னும் உள்ளேதான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட அவளுக்கு ஆளில்லையாம். அதற்கும் மனு எழுதியிருக்கிறேன்.