முதல் மொட்டை

கதிர்காமம் போவதற்கு எங்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் வந்து சேர்ந்த அன்று என் மனைவி நிதானமாகச் சொன்னாள், "கெளம்பறதுக்கு முன்னால மலையில நான் முடி எறக்கணும் பாவா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "போட்டோவுல முடியோட இருக்கற. ஏர்போர்ட்ல மொட்டையா போயி நின்னா வுடுவானா?" என்று கத்தினேன். இலங்கைக்குக் கூட்டிப்போகிற டூர்க்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். திருத்தணிக்காரர்கள் எங்கே கிளம்பினாலும் முதல் நாள் மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். அப்புறம் முகம் பொருந்தவில்லை என்று கவுண்டரில் நிறுத்திவைக்கிறார்களாம்.

ஆனால் அது ஒரு சாக்குதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. சென்னையில் மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. வீட்டோடு நாலு பவர்லூம் ஓட்டுகிறவன் நான், அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டே முடிந்துவிடுவேன். அவள் தலையைப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வரவில்லை. துணி கட்டிவிடும்போதுகூட ஜன்னலைப் பார்த்தபடிதான் கட்டிவிட்டேன். இப்போது முடி தோள்வரை வளர்ந்திருந்தது. அவள் பிழைத்துவிட்டாள் என்று டாக்டர் சொன்னதைவிட அந்தப் பின்னலைத்தான் நான் நம்பினேன்.

"வேண்டிக்கினியா? எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"வேண்டிக்கல. பொய் சொல்லிட்டேன்."

பிறகு நடந்ததைச் சொன்னாள். அந்த நாட்களில் கடைத்தெருவிலோ பஸ் ஸ்டாண்டிலோ ஒருவர்கூட அவளைப் பாவமாகப் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பொம்பளை தலை மொட்டையாக இருந்தால் அது வேண்டுதல், அவ்வளவுதான். "முருகனுக்குக் குடுத்துட்டியாம்மா?" என்று கேட்பார்கள். இவள், "ஆங், குடுத்துட்டேன்" என்பாள். ஒரு கிழவி கையெடுத்துக் கும்பிட்டே விட்டாளாம்.

"நோவு எடுத்துக்கினு போன முடிய சாமிக்குக் குடுத்தன்னு ஊரு பூரா சொல்லிக்கினு இருந்தேன். அந்தப் பொய்யோட அவரு முன்னால எப்படிப் போயி நிக்கறது?"

"அங்க சாமியவே காட்டமாட்டாங்களாமே. தெரையத்தான் பாக்கணுமாம். துணி பாக்கறதுக்கா கடல் தாண்டிப் போறது, நம்ம தறியில இல்லாததா?" என்று நக்கலடித்துப் பார்த்தேன்.

"தெரை நமக்குத்தான். அவருக்கு நாம தெரிவோம் இல்ல?"

தறிச் சத்தத்தில் பாதிப் பேச்சைக் காதில் வாங்காமலே இத்தனை வருஷம் இவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்குத் தெரியாது. மலைப்பாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் காலையில் படியேறினோம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாலு படிக்கு என் தோளைப் பிடித்தவள், இன்றைக்கு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நான் மூச்சிரைக்கப் பின்னால் போனேன்.

மொட்டை போடும் மண்டபத்தில், சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு தலையை நனைத்தவர், "எத்தினியாவது மொட்டைம்மா?" என்று கேட்டார்.

"இதான் முதல்" என்றாள்.

நான் ஆந்திரா பக்கத்து மலைகளைப் பார்த்தபடி நின்றேன். கத்தி வழிக்கும் சத்தம் கேட்டது. அது நின்ற பிறகும் திரும்பவில்லை. சந்தனக் கிண்ணம் என் கையில் வந்து இடித்தது.

"அப்பவும் பாக்கல. இப்பவாவது பாருங்க பாவா."

பார்த்தேன். உச்சியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. சின்ன வயசில் கிணற்றுப் படியில் விழுந்ததாம். வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். எதுவுமே எனக்குத் தெரியாது. வெயில் பட்டு அந்தத் தலை பளபளத்தது. சாமிக்குப் பூசுகிற பயத்தோடு, இரண்டு கையாலும் சந்தனம் தடவினேன். சந்தனம் குளிர்ந்திருந்தது, அடியில் அவள் தலை கதகதவென்று இருந்தது. அழுதுவிட்டேன். மொட்டை போடுகிறவர் பார்க்காத மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

படி இறங்கும்போது, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டேன், "ஏர்போர்ட்ல முடி எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"முருகனுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லுவேன்" என்றாள்.