அவள் பேரில் ஒரு கார்டு

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதை நான் மறைத்ததும் இல்லை. ஆனால் இந்தச் சேர்வராயன் மலையில் பெரிய பெரிய எஸ்டேட்காரர்களே என்னை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் காப்பி மூட்டையை லாரியில் ஏற்றுவார்கள். அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கூலி. அதே எஸ்டேட் காப்பியை விலை பேசி வாங்கினவன் நான். ஒண்டிக்கடையில் இன்றைக்கும் என் குடோனை அடையாளம் வைத்துத்தான் வழி சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட ஆளை உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை ஓய்த்துப் போட்டுவிட்டது.

எங்கள் சர்ச்சிலிருந்து வயசான ஜோடிகள் சில பேர் மலேசியாவுக்குச் சுற்றுலா போவதாக ஏற்பாடு. டிக்கெட், ரூம், சாப்பாடு எல்லாம் சேலத்து டிராவல்ஸ்காரன் பொறுப்பு. கைச்செலவு மட்டும் அவரவர் பாடு. அதற்கு நோட்டாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், ஒரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றான். எந்தக் கார்டு என்று கேட்டேன். "எதுவானாலும் சரிங்க ஐயா" என்றான். விலை தெரியாமல் எதையும் தொடாத என்னிடம் போய் எதுவானாலும் சரி என்கிறான்.

பெங்களூரில் இருக்கிற மகனுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, எதுக்கு அலையறீங்க? என் கிரெடிட் கார்டை எடுத்துட்டுப் போங்க. நான் கட்டிக்கறேன்."

"நான் டீ குடிச்சா உனக்கு அங்க போன்ல மணி அடிக்கும். அதெல்லாம் வேண்டாம் சாமி" என்று வைத்துவிட்டேன். என் செலவை இன்னொருத்தன் கட்டி எனக்குப் பழக்கமில்லை.

எங்கள் தொழிலில் அவுட்டர்ன் என்று ஒரு சொல் உண்டு. காய்ந்த காப்பிக் காயை மூட்டையாகப் பார்த்து விலை வைக்க மாட்டோம். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, தோலை உடைத்து ஊதி, உள்ளே சுத்தமான பருப்பு எத்தனை தேறுகிறது என்று நிறுத்துப் பார்ப்போம். வெளியே எவ்வளவு கொழுத்திருந்தாலும் தேறுகிறதுதான் விலை. கார்டையும் அப்படித்தான் பார்க்கவேண்டும் என்று எனக்குப் பட்டது. இந்தப் பக்கம் நூறு ரூபாய் போட்டால் அந்தப் பக்கம் எத்தனை ரூபாய்க்குச் சாமான் கையில் வரும்? அவ்வளவுதானே கேள்வி. இதைக் கேட்டுக்கொண்டு ஒரு மாசம் மலை இறங்கி ஏறினேன். வளைவுக்கு வளைவு பஸ் கம்பியைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை விட்டுப்போனது.

சேலம் வெயிலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பேங்கில், இப்போது இருக்கிற ஏடிஎம் கார்டே போதும் என்றார்கள். எத்தனை கழிவு என்றேன். நூற்றுக்கு மூன்று, மூன்றரை போகும். மிஷினில் பணம் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் தனி. அதன் மேல் வரி. இன்னொரு இடத்தில் கழிவே இல்லாத கார்டு என்றார்கள். அதற்குப் போனிலேயே கணக்குத் திறந்து, வீடியோவில் முகத்தைக் காட்டவேண்டுமாம். ஏற்காட்டு மூடுபனியில் வாசலில் நின்று பான் கார்டை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கண்ணைச் சிமிட்டுங்க சார்" என்ற குரலுக்குச் சிமிட்டினேன். சிமிட்டி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் என் முகம் தெரிகிறது, கார்டு தெரியவில்லை என்றார்கள். விட்டுவிட்டேன்.

கடைசியில் வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே நிரப்பித் தருகிற கார்டு. மலேசியப் பணமான ரிங்கிட்டாகவே நிரப்பிக்கொண்டு போனால் அங்கே தேய்க்கும்போது கழிவு கிடையாது. அதை விவரமாகச் சொன்ன பெண் பிள்ளை பொறுமைசாலி.

"போர்டுல போட்டிருக்கற விலைக்கா கண்ணு குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

அது சிரித்தது. "கொஞ்சம் கூட வரும் ஐயா."

"கூட எவ்வளவுன்னு சொல்லு. கார்டுக்குக் காசு எவ்வளவு? மீதி கொண்டாந்தா என்ன விலைக்கு எடுத்துக்குவீங்க?"

"மீதின்னா அன்னைக்கு நாங்க வாங்கற விலைக்குத்தான். அது குறைவா இருக்கும். யாரும் இவ்வளவு கேட்க மாட்டாங்க ஐயா."

கேட்க மாட்டார்கள்தான். படித்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள்; நான் கேட்பேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தக் கார்டை ஒன்றே ஒன்று வாங்கி, ஒரே தடவை நிரப்பி, மீதி வைக்காமல் செலவழித்துவிட்டு வந்தால் அதுதான் மலிவு. இதுவும் எங்கள் தொழிலில் உள்ளதுதான். ஒரே ஆள் சரக்கை இரண்டு அரை லோடாக அனுப்பினால் இரண்டு வாடகை, இரண்டு இடத்தில் சேதாரம். முழு லோடாக ஒரே தடவை போவதுதான் லாபம்.

ஊட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து, முடிவாயிற்று என்றேன். ஒரு கார்டு, என் பேரில்.

என் வீட்டுக்காரி, இவள், பட்டர் ஃப்ரூட்டைத் துணியால் துடைத்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வீட்டைச் சுற்றி நிற்கிற மரங்கள் அவள் பொறுப்பு. அந்தப் பணத்தை அவள் பேரில் பேங்கில் போட்டு வருகிறாள். நான் அதைத் தொட்டதில்லை.

"ஏனுங்க, என்ற பேருக்கும் ஒண்ணு வாங்கோணும்."

"எதுக்கு புள்ள? நீ என்கூடத்தானே வரப்போற? ரெண்டு கார்டுன்னா ரெண்டு சார்ஜ். ரெண்டுலயும் மீதி நிக்கும். மீதியை அவன் அடிமாட்டு விலைக்கு எடுப்பான்."

"எடுக்கட்டுங்க. என்ற காசைத்தான போடப்போறேன்?"

"யாரு காசா இருந்தா என்ன, நட்டம் நட்டம்தான்."

அவள் ஒரு பழத்தைக் கூடையில் வைத்தாள். "அப்படின்னா நான் வரலீங்க. நீங்க போய்ட்டு வாங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பது போலச் சொன்னாள். இப்போதே சொன்னால் அவள் டிக்கெட்டுக்குப் பாதிப் பணமாவது திரும்பும் என்று டிராவல்ஸ்காரனிடம் விசாரித்தே வைத்திருந்தாள். கடலுக்கு மேலே பறக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு முதலில் பேர் கொடுத்தது அவள்தான். முட்டி வலியோடு பாஸ்போர்ட் ஆபீசில் வரிசையில் நின்றவளும் அவள்தான்.

"அப்படி என்ன வாங்கப் போற? கேட்டா நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

"கேக்கோணுமில்லீங்க. கன்னியாகுமரியில நீங்க கார் நிறுத்தப் போனீங்க. நான் ஒரு சிப்பி மாலையை எடுத்துக் கையில வெச்சுட்டு நின்னேன். நீங்க அங்க யாருகிட்டயோ லாரி வாடகைப் பேச்சு பேசிட்டு நின்னுட்டீங்க. கடைக்காரன் பார்த்தான், பார்த்தான், அப்புறம் என்ற கையில இருந்து மாலையை வாங்கி ஆணியில மாட்டிட்டான்."

"சொல்லியிருந்தா பத்து மாலை வாங்கிப் போட்டிருப்பேனே!"

"போட்டிருப்பீங்க. அதைத்தான் சொல்றேன்."

என்ன சொல்கிறாள் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. பத்து மாலை வாங்கிப் போடுகிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைக்கிறான்? அதை வாய்விட்டுச் சொல்லவும் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வந்தபோது, எங்களோடு வரப்போகிற, எஸ்டேட்டில் கணக்கு எழுதின பழைய ரைட்டர் பிடித்துக்கொண்டார். "என்னங்க, பிளேன் ஏறுறதுக்குள்ள கார்டு முடிவாகுமா? இல்ல, நாங்க திரும்பி வந்து சொல்லோணுமா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "உங்க ஊட்டம்மா வரலையாமே?" என்றும் கேட்டார். அதற்குள் செய்தி போய்விட்டது. முட்டி வலி என்று சொல்லி வைத்தேன். பக்கத்தில் நின்ற இவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அன்றைக்கு மத்தியானம் மறுபடி கணக்குப் போட்டேன். இரண்டாவது கார்டுக்கு ஆகிற கழிவு எல்லாம் சேர்த்தாலும், அவள் டிக்கெட்டை ரத்துசெய்தால் போகிற தொகையில் ஒரு ஓரத்துக்குக் காணாது. இது முதலிலேயே போட்டிருக்கவேண்டிய கணக்கு. ஆனால் உண்மையைச் சொன்னால், கணக்குப் பார்த்துச் சம்மதிக்கவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு தரம் டோக்கன், இன்னொரு தரம் வளைவுகள், இன்னொரு தரம் எதிரே ஒருத்தர் நூற்றுக்கு எத்தனை என்று இழுப்பது, எதற்கும் உடம்பில் தெம்பில்லை. அதைவிட, தனியாக மலேசியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அது எப்படி இருந்தது என்று இவளிடமே சொல்வதை நினைத்தால் இன்னும் அலுப்பாக இருந்தது.

"நாளைக்குக் கிளம்பு புள்ள. பாஸ்போர்ட், பான் கார்டு ரெண்டையும் எடுத்துக்கோ" என்றேன்.

திங்கட்கிழமை சேலத்தில் அதே பெண் பிள்ளைதான் இருந்தது. என் கார்டுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. என்னங்க ஐயா, உடம்பு சரியில்லையா என்று அதுவே விசாரித்தது. இவள் தன் கணக்கிலிருந்து காசை மாற்றச் சொல்லி, காட்டிய இடத்திலெல்லாம் முழுப் பேரையும் எழுத்துக் கூட்டி எழுதினாள். விலை எவ்வளவு என்று கேட்கவே இல்லை. என் பல் கூசியது. கேட்டிருந்தால் சில்லறையாவது குறைந்திருக்கும். இருந்தாலும் அவள் காசு, வாயை மூடிக்கொண்டேன்.

ரகசிய நம்பரை மிஷினில் போய்ப் போட்டுக்கொள்ளவேண்டும் என்றார்கள். ஏடிஎம் அறைக்குள் கூடவே போனேன். இவள் கார்டைச் சொருகிவிட்டு, முதுகை என் பக்கம் திருப்பி, முந்தானையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"என்ன நம்பர் போட்ட?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லுச்சில்லீங்க."

"யாருக்கும்னா வெளியாளுக்குச் சொல்லக்கூடாது."

"அப்படிப் பிரிச்சு ஒண்ணும் சொல்லலீங்க."

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த நம்பர் கல்யாண வருஷமாக இருக்குமா, மகன் பிறந்த வருஷமாக இருக்குமா என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது. அடிவாரம் தாண்டிக் குளிர் ஏறியபோது அவள் மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே பார்த்துவிட்டு மறுபடி மூடினாள். கல்யாண வருஷம் அவளுக்கு ஞாபகம் இருக்குமா என்பதே எனக்குச் சந்தேகம்தான். தலையைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.